அட்டையில் எழுதியது

போன வருஷத்துக் காலண்டர் அட்டை,
பின்பக்கம் வெள்ளை.
'குழந்தைகள் காப்பகம்' என்று தொடங்கினேன்.
அப்படிப் போட்டால்
ஆபீசில் பதிவு கேட்பார்கள் என்றார்
எதிர்வீட்டு மின்வாரியத்துக்காரர்.
'பள்ளி' என்றால் பொய்.
'குழந்தைகள் பார்த்துக்கொள்ளப்படும்'
எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தேன்.
யார் பார்ப்பது என்றே அதில் இல்லை.

கடைசியில் இப்படி:
'குழந்தை பார்த்துக்கொள்கிறேன்.
சின்னபாப்பா, மாடி வீடு.'
"பாப்பாவே பாப்பா பாக்குதா" என்று
சிரித்துக்கொண்டே ஆணியடித்தார் வீட்டுக்காரர்.

ஆறு வருஷம் சிப்காட்டில்
பூதக்கண்ணாடிக்குக் கீழே திருகாணி வைத்தேன்.
கண்ணில் நீர் வடியத் தொடங்கி நின்றேன்.
கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில்
படிக்கட்டுக்கு ஒரு கம்பிக் கதவு,
இரண்டு பாய்,
பிளக் ஓட்டைகளுக்குப் பதினாலு மூடி.
மீதியைக் கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிறு மதியம்
முழங்கால் போட்டு வீடு முழுக்கத் தவழ்ந்தேன்.
அந்த உயரத்தில் அது வேறு வீடு.
கட்டில் அடியில் எலி மருந்து.
கேஸ் டியூப் ஒரு விளையாட்டுக் கயிறு.
தங்கச்சி கல்யாணத்தில் தொலைந்த
தோட்டுத் திருகு
பீரோவின் காலடியில் மின்னிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஆயிற்று, விலைதான் தெரியவில்லை.
"பிள்ளையைப் பாக்கறதுக்குக் காசா?"
கேட்டவர்கள் யாரும்
பிள்ளையைப் பார்த்தவர்கள் இல்லை.
வீட்டு ஓனர் மட்டும் உடனே புரிந்துகொண்டார்:
"தண்ணிக்கு நூறு சேத்துக் குடும்மா."
பதினோரு நாள் அட்டை தொங்கியது.
இரண்டு பேர் கேட்டார்கள்,
டியூஷன் உண்டா என்று.

பன்னிரண்டாம் நாள்
விடியுமுன் ஐந்தே காலுக்கு
ஓசூர்ப் பனியில் கதவு தட்டினாள் வெங்கடலட்சுமி.
இடுப்பில் லோகித், குரங்குக் குல்லாவுக்குள்
மூக்கு மட்டும்.
முனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது.
"பாலு அப்படின்னா பாலு, நீள்ளு அப்படின்னா தண்ணி,
மத்தது உனக்கே தெரியுங்க்கா"
என்று ஓடிவிட்டாள்.

மத்தது எதுவும் எனக்குத் தெரியவில்லை.
காக்கா காட்டினேன். குக்கர் விசில் காட்டினேன்.
தெலுங்கில் அழுதான்,
எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஓய்ந்தபாடில்லை.
ஏழரைக்கு, தவழ்ந்துபோய்
பிளக் மூடி ஒன்றைக் கண்டுபிடித்தான்.
நகத்தால் நெம்பினான்.
பல்லால் பார்த்தான்.
ஒரு மணி நேரம் வேறு உலகம் இல்லை அவனுக்கு.
நானும் பக்கத்தில் உட்கார்ந்து
அது கழன்றுவிடக் கூடாதே என்றிருந்தேன்.

நோட்டில் எழுதினேன், லைனில் எழுதிய பழக்கத்தில்:
ஒண்ணுக்கு நாலு தடவை. ராகிக் கஞ்சி ஆறு வாய்.
தூக்கம் 10.40 முதல் 11.15.
முதல் பக்கத்தில் விதி:
'மூணு மணிக்கு மேல், அரை மணிக்கு இருபது ரூபாய்.'

நாலாம் நாள் மணி நாலரை.
ஏறி வந்தவளுக்குக் காலெல்லாம் வீக்கம்.
எட்டு மணி நேரம் நின்ற கால் எப்படியிருக்கும் என்று
எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
நோட்டைப் புரட்டினாள்.
"ஓட்டி எழுதலையாக்கா?"
"பரவால்ல, விடு."
"ஏன் விடணும்?
சூப்பர்வைசர் எழுதாம விட்டப்ப
கேன்டீன்ல தட்டைப் போட்டு ஒடச்சது யாரு?
நான் அப்ப மூணாவது டேபிள்.
நீ என்னப் பாத்திருக்க மாட்ட."

என் பேனாவை வாங்கி அவளே எழுதினாள்:
ஒண்ணரை மணி, அறுபது.
கசங்கிய ஐம்பதும் ஒரு பத்தும்.
வாங்கும்போது
கை கொஞ்சம் கூசியது. வாங்கினேன்.

கம்பிக் கதவருகே லோகித் இறங்கி நின்று
என்னை உள்ளே வைத்துத்
தானே சாத்தப் பார்த்தான்.
கொக்கி எட்டவில்லை.
எட்டாத உயரத்தில்தான் போடச் சொல்லியிருந்தேன்.